காற்றடித்த பையன்

ஆடி மாதத்தில் இலத்தூரிலிருந்து செங்கோட்டைக்குச் சைக்கிளில் போகிறவனுக்கு மலை ஏறும் வேலை தனியாகக் கிடையாது. காற்றே போதும். ஆரியங்காவுக் கணவாய்க்குள் நெருக்கியடித்து நுழைகிற மேல்காற்று, இந்தப் பக்கம் வந்ததும் கட்டவிழ்த்துவிட்ட மாடு மாதிரி வயல்வெளி முழுக்க ஓடும். சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். திரும்பி வரும்போது பெடலைத் தொடவே வேண்டாம். சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டால் சட்டையே பாய்மரம். எங்கள் ஊர்ப் பையன்கள் ஆண்டவனுடைய நியாயத்தைப் பற்றி முதன்முதலாக யோசித்தது இந்தச் சாலையில்தான் இருக்கும்.

போன ஆடியில் அந்தக் காற்றில் ஒருவர் வந்து மாட்டிக்கொண்டார். நான் ஊருக்குப் போயிருந்த சமயம். பழைய சைக்கிள் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில், தலையில் ஹெல்மெட்டும் தொடையை இறுக்கிப் பிடித்த கால்சட்டையுமாக ஒரு நடுவயதுக்காரர், தரையில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு விரலால் தூக்கிவிடலாம் போன்ற வண்டி. டயர் பெருவிரல் அகலம்தான். அதில் கண்ணாடிச் சில்லு கிழித்திருந்தது. 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்கிற 'பிரெவே' என்ற நெடுந்தூர ஓட்டத்தில் வந்தவராம். ராத்திரி முழுக்க மிதித்திருக்கிறார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இருபது வாடகைச் சைக்கிள் வரிசையாக நின்ற கடை அது. இப்போது பழைய கடைக்கார அண்ணாச்சியின் மகன் நடத்துகிறார். பைக் பஞ்சர்தான் சோறு போடுகிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுக்கிற வாரத்தில் மட்டும் பழைய களை திரும்பும். கொடுத்த அன்றைக்கே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள், நட்டு முறுக்கவும் பிரேக் சரிபார்க்கவும்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஜெயிச்சா எவ்வளவு சார் குடுப்பாவ?"

"பரிசெல்லாம் கிடையாதுங்க. இதுல முதலிடம், ரெண்டாமிடம்னே ஒண்ணும் இல்ல. நேரத்துக்குள்ள முடிச்சா பேரு பதிவாகும். மெடல் வேணும்னா காசு கட்டி வாங்கிக்கணும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பரிசே இல்லாத ஓட்டத்துக்கு ஒருவன் ராத்திரி முழுக்க மிதித்து வந்து, அதற்கான மெடலையும் தன் காசில் வாங்குவது என்பது எங்கள் ஊர்க் கணக்குக்கு அடங்கவில்லை. சுவரோரம் குத்தவைத்திருந்த ஒரு தாத்தாதான் முடித்துவைத்தார்: "நம்ம மைதானத்துல சுத்துனாம்லா ஒருத்தன், அவன் சாதிதான் இவரும்."

எனக்கு அந்த இடத்திலேயே நாற்பது வருடம் கழன்று விழுந்தது.

கபில்தேவ் கோப்பையைத் தூக்கியது 1983. அதற்கு அடுத்த கோடை விடுமுறை. ஊர் மைதானத்தில் கம்பு ஊன்றி, கயிறு கட்டி, டியூப்லைட் தோரணம் போட்டார்கள். குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு. நடுநடுவே, சைக்கிளைவிட்டு இறங்காமல் ஏழு நாள் இரவு பகலாக ஓட்டப்போகும் 'சைக்கிள் சாம்பியன்' பற்றிய அறிவிப்பு. எந்தப் போட்டியில் யாரைத் தோற்கடித்து அவர் சாம்பியன் ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. இறங்காமல் இருக்கப்போகிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

இந்தத் தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரைக்கும் தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊர் மைதானத்திலும் இப்படி ஒருவர் சுற்றியிருப்பார். சைக்கிளில் இருந்தபடியே சாப்பிடுவார், பல் தேய்ப்பார், சவரம் செய்துகொள்வார். குடத்துத் தண்ணீரை இரண்டு பேர் கூடவே ஓடி ஊற்ற, குளித்து முடித்துச் சட்டை மாற்றுவார். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் வித்தை தொடங்கும். ஹேண்டில்பாரில் படுப்பார், பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மிதிப்பார், தரையில் கிடக்கும் கைக்குட்டையை ஓட்டத்திலேயே குனிந்து பல்லால் எடுப்பார். ராத்திரி ரெக்கார்டு டான்ஸ். கடைசி நாள் டியூப்லைட்டை நெஞ்சில் உடைப்பது, மார்பில் அம்மிக்கல்லை வைத்துச் சம்மட்டியால் அடிப்பது. அன்பளிப்பு தருகிறவர் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், கூடவே நாலடி ஓடி, அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்துவார். மைக்கில் பெயர் வரும். பெயர் வருவதற்காகவே குத்தியவர்கள் உண்டு.

அவர் ஒன்றுக்கு எப்படிப் போகிறார் என்பதுதான் எங்கள் வயதுப் பையன்களின் தலையாய ஆராய்ச்சி. அதில் கடைசிவரை முடிவு எட்டப்படவில்லை.

பெரியவர்களின் சந்தேகம் வேறு. ராத்திரி மூன்று மணிக்கு ஊர் அடங்கினதும் ஆள் இறங்கித் தூங்குகிறான் என்பது அவர்கள் கட்சி. என் பெரியப்பா அந்தக் கட்சிக்குத் தலைவர். முதல் நாள் ராத்திரியே துண்டை விரித்துப் பனையடியில் உட்கார்ந்துவிட்டார், கையும் களவுமாகப் பிடிப்பதற்கு. இரண்டாம் நாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவர் பையில் ஒரு சுக்குக் காப்பித் தூக்கு இருந்தது. நாலாம் நாள் அந்தத் தூக்கு சைக்கிள்காரர் கைக்குப் போனதை நானே பார்த்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலை சைக்கிள்காரர் கண் செருகி வண்டி கயிற்றுப் பக்கம் சாய்ந்தபோது, "ஏய், ஏய், முழிச்சுக்கோப்பா!" என்று எழுந்து ஓடியதும் பெரியப்பாதான். பிடிக்க வந்தவர் காவலாளியாக மாறிப்போனார். மைதானத்தின் நடுவே கோரைப் பாயில் அந்த மனிதரின் மனைவி உட்கார்ந்திருந்தார், மடியில் கைக்குழந்தையோடு. அந்த அம்மா தூங்கியும் யாரும் பார்க்கவில்லை. அவருக்கு நோட்டுக் குத்தியவரும் இல்லை.

இதே கூத்து வெள்ளைக்காரன் ஊரிலும் நடந்தது என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நம் ஊர்ச் சரக்கு என்று நினைத்திருந்தேன். 1878-ல் லண்டன் இஸ்லிங்டனில் டேவிட் ஸ்டாண்டன் என்பவர், ஆறு நாளில் ஆயிரம் மைல் ஓட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி ஜெயித்தார். ஏன் ஆறு நாள் என்றால், ஏழாம் நாள் ஞாயிறு, கர்த்தருடைய நாள். அது அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெரிய வியாபாரமாயிற்று. ஒரே ஆள், ஆறு நாள், சின்ன வட்டம். சனங்கள் பார்க்க வந்தது ஓட்டத்தையா, சாய்ந்து விழுவதையா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. கடைசியில், ஒருவர் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டமே வந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: இரண்டு பேர் ஜோடி, ஒருவர் மாற்றி ஒருவர். ஒலிம்பிக்கில் இன்றைக்கு 'மேடிசன்' என்று நடக்கும் ஓட்டத்துக்கு அந்த அரங்கின் பெயர்தான்.

1896 டிசம்பரில் அந்த அரங்கில் ஆறு நாள் சுற்றியவர்களில், அப்போதுதான் பதினெட்டு முடிந்த ஒரு கறுப்பினப் பையன் இருந்தான். மார்ஷல் வால்டர் டெய்லர். 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தான். நம் கணக்கில் 2,780 கிலோமீட்டருக்கு மேல். தூக்கமில்லாமல் புத்தி கலங்கி, கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்துகிறான் என்று சொல்லியிருக்கிறான். மூன்று வருடம் கழித்து, 1899-ல், மாண்ட்ரியாலில் ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாம்பியன்.

இந்த டெய்லரைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் சாம்பியன் பட்டம் இல்லை. அவருக்கு 'மேஜர்' என்ற பட்டப்பெயர் வந்த கதை. இண்டியானாபொலிஸில் ஹே அண்டு வில்லிட்ஸ் என்று ஒரு சைக்கிள் கடை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனை வேலைக்கு வைத்து, பட்டாளத்துக்காரர் உடுப்பு மாட்டிவிட்டு, கடை வாசலில் சைக்கிள் வித்தை காட்டச் சொன்னார்கள். வித்தைக்குக் கூட்டம், கூட்டத்துக்கு வியாபாரம். உடுப்பால் 'மேஜர்' ஆனார். ஒரு சைக்கிள் கடை வாசலில்தான் அவரை முதன்முதலில் கூட்டம் கூடிப் பார்த்தது. பிறகு பாரிஸ் பார்த்தது, ஆஸ்திரேலியா பார்த்தது. ஓட்டத்தில் தோற்ற ஒருவன் அவர் கழுத்தை நெரித்து மயக்கமடைய வைத்ததையும் ஒரு கூட்டம் பார்த்தது. 1928-ல் தன் வரலாற்றைத் தானே அச்சிட்டார். கடைசிக் காலத்தில் அதை வீடு வீடாக எடுத்துப்போய் விற்றார். கதவைத் திறந்தவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் கை தட்டியவர்களோ! 1932-ல் சிகாகோவில் தர்ம ஆஸ்பத்திரி வார்டில் செத்து, அநாதைகளைப் புதைக்கும் இடத்தில் புதைக்கப்பட்டார். 1948-ல் பழைய பந்தய வீரர்கள் சிலர் சேர்ந்து நல்ல இடத்துக்கு மாற்றினார்கள். செலவு ஷ்வின் சைக்கிள் கம்பெனிக்காரருடையது. கடைக்காரர் தொடங்கியதைக் கம்பெனிக்காரர் முடித்திருக்கிறார்.

இங்கே நம் கடைக்கு வருகிறேன். ஏழு நாள் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே அந்த மனிதர் கடைக்கு வந்துவிட்டார். ஒல்லி ஆள், மதுரைப் பக்கத்துப் பேச்சு. நாங்கள் நாலு பேர் அங்கேதான் கிடந்தோம். வாடகைக்கு எடுக்கக் காசில்லாத பையன்கள் கடை வாசலில் கிடப்பது ஒரு வழக்கம். அரை மணி நேரத்துக்கு நாலணா. அரை வண்டி, முக்கால் வண்டி, பெரிய வண்டி. மட்காடில் நம்பர். நோட்டில் பெயரும் நேரமும். பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போட்டு விழுந்தால், முட்டியைவிட மட்காடைத்தான் அண்ணாச்சி முதலில் பார்ப்பார்.

சைக்கிள்காரர் தன் வண்டியை அக்கக்காகக் கழற்றச் சொன்னார். மட்காடு வேண்டாம், செயின் கார்டு வேண்டாம், கேரியர், ஸ்டாண்டு, பெல் எதுவும் வேண்டாம். "பிரேக்கையும் எடுத்துருங்கண்ணே" என்றார். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் ஆச்சரியம்: ஃப்ரீவீலை அடைத்துவிட வேண்டும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்ற வேண்டும், பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டி பின்னால் போக வேண்டும். அண்ணாச்சி முனகிக்கொண்டே செங்கோட்டைக்குப் போய் வெல்டிங் வைத்து வந்தார். நல்ல ஃப்ரீவீலை இப்படிப் பாழ்பண்ணுகிறானே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

ஒலிம்பிக்கில் வட்டத்துக்குள் ஓட்டுகிற டிராக் சைக்கிளுக்கும் பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தில் 250 மீட்டர் மரத்தளம் இருக்கிறது, வளைவில் சுவர் மாதிரிச் சாய்ந்து நிற்கும். 2022-ல் அங்கே நடந்த ஆசியப் போட்டியில் மணிப்பூர்க்காரரான ரொனால்டோ சிங் லைதோன்ஜம் ஸ்பிரிண்ட் பிரிவில் வெள்ளி வாங்கினார். அந்தமான் நிக்கோபாரின் ஏசோ ஆல்பன் 2018-லேயே உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கியவர். இவர்கள் நிஜமான சாம்பியன்கள். நம் கடைவாசலில் இந்தப் பெயர்களைச் சொன்னால் ஒரு தலையும் திரும்பாது. பூட்டிய அரங்கத்துக்குள் சுற்றுகிறவருக்கும் நமக்கும் நடுவே காவலாளி, அடையாள அட்டை, டெல்லி எல்லாம் இருக்கிறது. எங்கள் ஆளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தேங்காய்நார்க் கயிறுதான் இருந்தது. அதையும் தாண்டிப் போய்ச் சட்டையில் ஊசி குத்தலாம்.

ரசிகன் என்றால் கையெழுத்துக் கேட்கிறவன் என்று ஆகிவிட்டது. இப்போது கையெழுத்தும் போய்ச் செல்ஃபி. ஆனால் அவனுக்கு உள்ளே இருக்கிற ஆசை வேறு என்று தோன்றுகிறது. அந்தக் காரியத்தில் தன் கையும் கொஞ்சம் பட வேண்டும், அவ்வளவுதான். தேர் வடத்தில் ஆயிரம் பேர் இழுக்கும்போது நடுவில் போய் ஒரு விரலை வைக்கிறோமே, அது. பெரியப்பாவின் சுக்குக் காப்பி அந்த விரல்தான்.

சைக்கிள் ஓட்டத்தில் இதற்குத் தண்டனையும் உண்டு. 1913-ல் டூர் டி பிரான்ஸ் ஓட்டத்தில் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவர் ஜெயிக்கிற நிலையில் டூர்மாலே மலையிறக்கத்தில் வரும்போது முன் ஃபோர்க் முறிந்தது. அடுத்தவர் உதவி வாங்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சாந்த் மாரி த காம்பான் என்ற கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு வந்தார். கொல்லர் வாயால் சொல்லித்தரலாம், கையை வைக்கக்கூடாது. அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது எல்லாம் அவரேதான். ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் சுத்தியல் இருக்க, துருத்தி ஊத மூன்றாவது கை இல்லை. ஏழு வயதுப் பையன் ஒருவன் துருத்தியை ஊதினான். அதிகாரிகள் அதைக் குறித்துக்கொண்டார்கள். பத்து நிமிட அபராதம், பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். எப்படியும் நான்கு மணி நேரம் போய்விட்டது, மூன்று நிமிடத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 1919-ல் அந்த ஓட்டத்தின் முதல் மஞ்சள் சட்டையைப் போட்டவரும் இதே கிறிஸ்டோஃப்தான். அந்த வருடமும் ஃபோர்க் முறிந்தது. கடைசிவரை அவர் ஜெயிக்கவில்லை. அந்தப் பட்டறைப் பையனுக்கு அந்த மூன்று நிமிடம் சாகும்வரைக்கும் இனித்திருக்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியும். எப்படி என்றால், நான் காற்றடித்த பையன்.

ஏழாம் நாள் சாயங்காலம் மாலை மரியாதையோடு அவர் இறங்கினார். கால் ஊன்றியதும் மடங்கிற்று. இரண்டு பேர் தாங்கினார்கள். கூட்டம் விசில் அடித்தது, மைக் நன்றி சொன்னது, பந்தல்காரர் ராத்திரியே டியூப்லைட்டைக் கழற்றிவிட்டார். மறுநாள் காலை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தபோது அங்கே நாங்கள் நாலு பேரும் அண்ணாச்சியும்தான். நேற்றுத் தோளில் தூக்கிய ஆட்கள் வயலுக்குப் போய்விட்டார்கள்.

முக்காலியைக் காட்டினார் அண்ணாச்சி. "வேண்டாம்ணே, உக்கார முடியாது" என்று சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. டீக் கிளாசை மணிக்கட்டுகளுக்கு நடுவில் பிடித்துக் குடித்தார். எங்களில் ஒருவன் தைரியமாகக் கேட்டான்: "தல சுத்தாதா?"

"மொத நாள் தலை சுத்தும். ரெண்டாம் நாள் ஊரு சுத்தும். அப்புறம் எதும் சுத்தாது தம்பி. சும்மா இருக்கும்."

அடைத்த ஃப்ரீவீலைக் கழற்றிப் புதுசு போட வேண்டும், பிரேக், மட்காடு, கேரியர் எல்லாம் திரும்ப மாட்ட வேண்டும். அடுத்த ஊருக்குப் போவது பஸ்ஸில்தான், வண்டி பஸ் கூரையில். இருந்தாலும் அதைச் சாதாரணச் சைக்கிளாக ஆக்கி வாங்கிக்கொள்வதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கால் பம்பை எடுத்தேன். வாலைச் சொருகி, மூச்சுப் பிடித்து அடித்தேன். அவர் குனிந்து டயரை விரலால் அமுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு" என்றார். ரெண்டு அடித்தேன். "போதும் சாமி" என்றார். எனக்கும் ஒரு சாம்பியனுக்கும் நடந்த பேச்சு மொத்தமும் இதுதான்.

அண்ணாச்சி கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை. குறைப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒன்றும் இரண்டுமாக நோட்டை எடுத்து, கை வலிக்க எண்ணிக் கொடுத்தார். ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு ஊசித்துளை. அந்த வாரம் முழுக்க ஊரில் டீக்கடையில், பலசரக்குக் கடையில், கோயில் தட்டில் எங்கே பார்த்தாலும் துளை விழுந்த நோட்டு.

போன ஆடியில் வந்தவர் யாரையும் தொட விடவில்லை என்று சொல்ல முடியாது. அவருடைய ட்யூபில் இருந்தது நம் ஊர் வால்வே இல்லை. ஊசி மாதிரி நீண்டு, நுனியில் ஒரு குட்டித் திருகு. கடைக்காரர் மகன், பத்து வயது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு வால்டியூப் எங்க மாமா?" என்றான். அவர் சிரித்து, பையிலிருந்து ஒரு பித்தளைத் திருகாணியை எடுத்து மாட்டினார். கம்ப்ரஸர் குழாயைப் பிடித்துக் காற்று வைத்தது அந்தப் பையன்தான். வண்டி எதிர்காற்றில் ஆடிக்கொண்டே செங்கோட்டைப் பக்கம் போனது. அவன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

நான் காற்றடித்த அன்றைக்கு எனக்கும் கூலி உண்டு. சைக்கிள்காரர் பஸ் ஏறிப் போனதும் அண்ணாச்சி நோட்டில் எழுதாமலே அரை வண்டியை வெளியே தள்ளினார். "அரை மணி நேரம். ஓட்டு." நேரே மைதானத்துக்குப் போனேன். கயிறு இல்லை, கம்பு இல்லை. ஏழு நாள் சக்கரம் ஓடிய வட்டம் மட்டும் மண்ணில் அழுந்தி, வாய்க்கால் வெட்டினதுபோல் மினுமினுப்பாகக் கிடந்தது. வண்டியை அதற்குள் விட்டேன். ஹேண்டில்பாரைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை, தடமே கொண்டுபோயிற்று. எண்ணிக்கொண்டு சுற்றினேன். இருபதோ முப்பதோ தாண்டி எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மைதானத்து ஓரத்தில் அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து நின்றதை ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தேன், பார்க்காதவன் மாதிரி மிதித்தேன்.

"ஏலே, முக்கா மணி ஆயாச்சு. இறங்குலே!"